பைன் இலையில் ஒரு டீ... ருசி இருக்கட்டும், முதல்ல மரத்தை எண்ணிப் பாருங்க!

போன மார்ச்சில் டொரண்டோவில் இருக்கும் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். வெளியே மைனஸ் எட்டு டிகிரி. பக்கத்து வீட்டுக் கொரியப் பாட்டி ஒருநாள் கண்ணாடிக் குடுவை நிறைய எதையோ சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார். வெளிர் மஞ்சள் நிறம். அடியில் நறுக்கிப்போட்ட பச்சை இலைகள், ஊசி ஊசியாக. பாலும் இல்லை, டீத்தூளும் இல்லை. ஆனால் பெயர் என்னவோ டீதான்.

நான் முதலில் மோந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. அதற்குப் பின்னாலேயே பெயின்ட் கடையைத் தாண்டும்போது வருகிற டர்பன்டைன் வாசனை லேசாக எட்டிப்பார்த்தது. தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தேன். நல்லாத்தான் இருந்தது! தேன் கொஞ்சம் விட்டதும் இரண்டாவது டம்ளரும் உள்ளே போனது.

என்னைவிட சித்திக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் காலையில் கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்குக் கிளம்பிவிட்டார். "நம்ம வாசல்லயே வேலி மாதிரி இதே இலைதானே நிக்குது? இதுக்குப் போய் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கேட்டுக்கிட்டு?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி கிள்ளியும் விட்டார். அந்தப் பக்கம் பனி தள்ளிக்கொண்டிருந்த பாட்டி, கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சித்தியின் கையைத் தட்டிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. நெஞ்சில் கையை வைத்தார், கண்ணை மூடினார், தலையைச் சாய்த்துக் காட்டினார். அதற்குமேல் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

வாசலில் நின்றது யூ மரம். அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இதயம் தாளம் தப்பி நின்றுபோகலாம்.

ஊசியிலை டீ போடுவது ரொம்பச் சுலபம். ரசம் வைப்பதில் பாதி வேலைகூட இல்லை. கஷ்டமெல்லாம் அடுப்படியில் இல்லை, மரத்தடியில்தான் இருக்கிறது. அதனால் செய்முறைக்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

உறைந்த நதியும் ஒரு மரமும்

இந்த டீக்கு ஒரு பழைய கதை உண்டு. 1535-ம் வருடம், ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி மூன்று கப்பல்களோடு கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதிக்குள் போனார். இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில் அப்போது ஸ்டடகோனா என்ற பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. குளிர்காலம் வந்ததும் நதி உறைந்துவிட்டது. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை கப்பல்கள் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டன.

ஆட்களுக்கு ஒவ்வொருவராக ஈறு அழுகியது, பல் விழுந்தது, கால் வீங்கிக் கறுத்தது. ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாததால் வரும் நோய். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. வைட்டமின் என்ற சொல்லே இன்னும் பிறக்கவில்லை. 110 பேரில் நல்ல நிலையில் இருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மொத்தம் 25 பேர் இறந்துபோனார்கள்.

ஸ்டடகோனா தலைவர் டொன்னகோனாவின் மகன் டொமகாயா. அவருக்கும் அதே நோய் வந்து முட்டி வீங்கிக் கிடந்ததைக் கார்த்தியே பார்த்திருந்தார். பத்து, பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர் நன்றாக நடந்துபோகிறார்! எப்படி குணமாச்சு என்று கேட்டார் கார்த்தியே. தன் ஆட்கள் இத்தனை பேர் படுத்துக்கிடக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், வேலைக்காரன் ஒருவனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டார். பயம்தான்!

டொமகாயா இரண்டு பெண்களை அனுப்பி, ஒரு மரத்தின் கிளைகளைக் கொண்டுவரச் செய்தார். பட்டையையும் இலையையும் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், சக்கையை வீங்கிய காலில் வைத்துக் கட்ட வேண்டும். கப்பல் ஆட்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒன்றிரண்டு பேர் துணிந்து குடித்தார்கள், தேறினார்கள். அதற்குப் பிறகு அடிதடிதான். ஒரு பெரிய மரம் முழுசாக எட்டு நாளுக்குள் காலியானது.

அந்த மரத்தின் பெயர் 'அனெத்தா'. இன்றைய பெயரில் அது எந்த மரம்? வெள்ளை சீடர் என்கிறார்கள் சிலர், பால்சம் ஃபிர் என்கிறார்கள் சிலர், ஸ்ப்ரூஸ், பைன் என்றும் சொல்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஏன் முடிவாகவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மோசமான பாதி. 1536 மே மாதம் ஊருக்குக் கிளம்பும்போது டொன்னகோனா, டொமகாயா உட்பட பத்துப் பேரைக் கார்த்தியே பிடித்துக்கொண்டு போனார். உயிர் கொடுத்தவர்களுக்குச் செய்த கைம்மாறு! ஒரு சிறுமியைத் தவிர அத்தனை பேரும் பிரான்ஸிலேயே இறந்துபோனார்கள்.

1604-ல் சாம்ப்ளேன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் குழு செயின்ட் க்ராய் தீவில் குளிர்காலத்தைக் கழித்தது. 79 பேரில் 35 பேரை ஸ்கர்வி கொண்டுபோனது. சுற்றிலும் ஊசியிலைக் காடுதான். அனெத்தாவைப் பற்றி சாம்ப்ளேனுக்குக் காதில் விழுந்திருந்தது. ஆனால் 'இந்த மரம்தான்' என்று கை நீட்டிக் காட்ட ஆள் இல்லை.

இன்னொரு குளிர்காலமும் உண்டு. 1941-42-ல் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்திருந்தபோது, காய்கறி என்பதே இல்லாத நகரத்துக்குப் பைன் கிளைகளை வெட்டிக் கொண்டுவந்தார்கள். இலையை நசுக்கி, லேசாகப் புளிப்பு சேர்த்த தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி மக்களுக்குக் கொடுத்தார்கள். ருசிக்காகக் குடித்த பானம் இல்லை அது.

ஆனால் கொரியாவில் இதை ருசிக்காகத்தான் குடிக்கிறார்கள். 'சொல்லிப் சா' என்பது அங்கே பெயர். சொல்லிப் என்றால் பைன் இலை, சா என்றால் டீ. அவர்களுடைய அறுவடைப் பண்டிகையான சூசோக்குக்குச் செய்யும் 'சொங்பியொன்' என்ற அரிசிக் கொழுக்கட்டையைப் பைன் இலை பரப்பித்தான் ஆவியில் வேகவைப்பார்கள். நாம் பூவரசு இலையில் கொழுக்கட்டை வைப்பதில்லையா, அதேதான். பக்கத்து வீட்டுப் பாட்டி யூ மரத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தது இப்படித்தான். சின்ன வயதிலிருந்து பைன் இலை பறித்த கை அது.

ஒரு கொத்தில் எத்தனை?

சரி, மரத்தடிக்கு வருவோம். கனடாவிலோ, அமெரிக்காவின் வடக்கிலோ இருக்கும் வாசகர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் அடுத்த முறை மகன், மகள் வீட்டுக்குப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கு ரொம்பவும் பாதுகாப்பானது, கண்டுபிடிக்கவும் சுலபமானது கிழக்கத்திய வெள்ளை பைன். ஒன்டாரியோ மாகாணத்தின் அதிகாரபூர்வ மரம் இதுதான், 1984-லிருந்து. கிளையில் ஒரு கொத்தைப் பிடித்து, அடியில் எத்தனை இலைகள் சேர்ந்து இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஐந்து இருந்தால் வெள்ளை பைன். ஒரு கைக்கு ஐந்து விரல் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இலை மெல்லியதாக, பூனை முடிபோல மிருதுவாக, நம் விரல் நீளத்துக்கு இருக்கும். ஹோடெனொசோனி பூர்வகுடிகளுக்கு இது சமாதான மரம். ஐந்து இனங்கள் சேர்ந்து ஒரே கூட்டமைப்பானதை இந்த ஐந்து இலைகளும் ஒரு கொத்தில் கட்டுண்டு இருப்பதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

இரண்டு இலைகள் மட்டும் இருந்தால்? அதுவும் பைன்தான். சிவப்பு பைன், ஸ்காட்ஸ் பைன், கொரியாவின் சிவப்பு பைன் எல்லாமே இரண்டு இலைக் குடும்பம். இதில் ஒரு நல்ல விஷயம் கவனியுங்கள்: நீளமான ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று அடியில் ஒரு சின்ன உறைக்குள் கொத்தாகக் கட்டப்பட்டிருந்தால் அது பைன். யூ மரத்தில் அப்படி இருக்கவே இருக்காது. அதில் இலைகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியாகத்தான் முளைக்கும். முதல் முறை பறிப்பவர்கள் கொத்து இருக்கும் மரத்தை விட்டு வேறு எங்கும் போகாமல் இருப்பதே என் கட்சி.

தனித்தனி இலை உள்ள மரங்களில் ஸ்ப்ரூஸும் ஃபிரும் டீக்கு ஆகும். ஸ்ப்ரூஸ் இலையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளும், ஏனென்றால் அதற்கு நான்கு பட்டை உண்டு. இலை உதிர்ந்த குச்சியைத் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். ஃபிர் இலை தட்டை, உருளாது. அடிப்பக்கம் திருப்பினால் விபூதிப் பட்டைபோல இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். பிடுங்கிய இடத்தில் வட்டமான தழும்பு இருக்கும், குச்சி வழவழப்பாக இருக்கும்.

வசந்தத்தில், மே மாதம் வாக்கில், ஸ்ப்ரூஸ் கிளை நுனிகளில் இளம் பச்சையாகக் கொழுந்து விடும். அதை அப்படியே வாயில் போட்டு மெல்லலாம், புளியங்கொழுந்துக்கு அண்ணன் மாதிரி ஒரு புளிப்பு. ஃபின்லாந்தில் இதில் சிரப் காய்ச்சுகிறார்கள். அந்த நாட்டில் யாருடைய காட்டிலும் பெர்ரியும் காளானும் பறித்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்ப்ரூஸ் கொழுந்துக்கு மட்டும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். கொழுந்தைக் கிள்ளினால் அந்தக் கிளையின் அந்த வருட வளர்ச்சி போச்சு, அதனால்தான்.

ஹெம்லாக் என்று இன்னொரு ஊசியிலை மரம் உண்டு. பெயரைக் கேட்டதும் சாக்ரடீஸ் ஞாபகம் வரும். அவர் குடித்த விஷம் வேறு, அது கேரட் குடும்பத்துச் செடி. இந்த மரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவே கிடையாது. இந்த ஹெம்லாக் மரத்தில் விஷம் இல்லை. ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம், குட்டையான தட்டை இலையோடு பார்க்க யூ மரம் மாதிரியே இருக்கும். கனடாவின் காட்டு யூ செடிக்கு 'தரை ஹெம்லாக்' என்றே ஒரு பெயர் உண்டு. இத்தனை குழப்பத்தில் ஒரு டம்ளர் டீக்காக எதற்கு ரிஸ்க்?

வாசலில் நிற்கும் ஆபத்து

யூ மரத்தைக் காட்டில் தேட வேண்டாம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு வாசலில், ஆபீஸ் வளாகத்தில், கல்லறைத் தோட்டத்தில் வேலியாக வெட்டிவிட்டு வளர்க்கும் மரங்களில் இதுவும் ஒன்று. எப்படி வெட்டினாலும் மறுபடி தழைக்கும், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும்.

இலை தட்டை, மேலே கரும்பச்சை. அடிப்பக்கம் திருப்பினால் வெளிறிய மஞ்சள் பச்சை, வெள்ளைக் கோடுகள் இருக்காது. கசக்கினால் எலுமிச்சை, பிசின் வாசனை எதுவும் வராது. இலையுதிர் காலத்தில் சிவப்பாக, ஜெல்லிக் கிண்ணம்போல ஒரு பழம் வரும், நடுவில் கொட்டை தெரியும். அந்தச் சிவப்புச் சதையைத் தவிர மரம் முழுக்க விஷம். இலை, பட்டை, கொட்டை எல்லாமே. ஆனால் பழத்தை மட்டும் அடையாளமாக நம்பிவிடாதீர்கள். மார்ச்சில் பழம் இருக்காது. ஆண் மரத்தில் எந்தக் காலத்திலும் இருக்காது. சித்தி ஏமாந்தது அங்கேதான்.

இதில் உள்ள டாக்ஸின் என்ற நச்சுப்பொருள் இதயத்தின் மின்துடிப்பைக் குலைக்கிறது. காயவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தலைசுற்றல், வாந்தி, பிறகு துடிப்பு தாறுமாறாவது. சில சமயம் அறிகுறியே இல்லாமல் நேராக மயக்கம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. தவறிக் குடித்துவிட்டால் 'பார்க்கலாம்' என்று உட்காராமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். முடிந்தால் அந்தக் கிளையையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

இதே யூ குடும்பத்து மரப்பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் எடுக்கப்பட்டது. சினைப்பைப் புற்றுக்கு அமெரிக்கா அதை அங்கீகரித்தது 1992-ல். அதைச் சொல்லி, 'மருந்து மரம்தானே' என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு மரங்கள் இருக்கின்றன. பாண்டரோசா பைன், அமெரிக்க மேற்குப் பகுதி மரம், மூன்று இலை கொண்டது. இதைத் தின்ற சினைப் பசுக்களுக்குக் கரு கலைந்துபோவது மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். காரணமான ரசாயனம் வேறு சில பைன், ஜூனிப்பர் மரங்களிலும் இருக்கிறது. அதனால் கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் எந்த ஊசியிலை டீயும் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று தூஜா. மருவுக்கு ஹோமியோபதியில் சொல்வார்களே, அதே மரம்தான். வெள்ளை சீடர் என்பதும் அதுதான். இதில் உள்ள தூஜோன் அதிகமானால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். கார்த்தியேயின் ஆட்கள் குடித்தது அதுவாகவே இருந்தாலும், சாகக் கிடந்தவர்கள் எடுத்த ரிஸ்க்கை மாலை டீக்காக நாம் எடுக்க வேண்டியதில்லை.

பறிப்பது எப்படி?

ரோட்டோர மரம் வேண்டாம், புகையெல்லாம் இலையில்தான் படிந்திருக்கும். கடையில் வாங்கிய கிறிஸ்துமஸ் மரமும் வேண்டவே வேண்டாம். என்னென்ன மருந்து தெளித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. டொரண்டோ நகரப் பூங்காக்களில் செடி, கிளை எதையும் பறிக்க அனுமதி இல்லை. சொந்தத் தோட்டம், அல்லது தெரிந்தவர் தோட்டம்தான் உத்தமம். காற்றடித்த மறுநாள் போனால் ஒடிந்து விழுந்த பச்சைக் கிளைகளே கிடைக்கும். அதில் ஒரு வசதி, மரத்துக்கு வலிக்காது. அப்போதும் எந்த மரத்தின் கிளை என்று நிமிர்ந்து பார்த்து, கொத்தை எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மரத்திலிருந்தே பறிப்பதானால் உச்சிக் குருத்தைத் தொடாதீர்கள். மரம் நேராக வளர்வது அதை நம்பித்தான். பக்கக் கிளை நுனிகளில் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக எடுங்கள். பச்சையாக இருப்பது மட்டும், பழுப்பானது வேண்டாம்.

இனி அடுப்படி

இரண்டு டம்ளர் டீக்கு ஒரு சின்னக் கைப்பிடி இலை போதும். நன்றாகக் கழுவி, கொத்தின் அடியில் இருக்கும் பழுப்பு உறையைக் கிள்ளி எறிந்துவிட்டு, கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்குங்கள். நறுக்கும்போதே வாசனை தூக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு இலையைப் போட்டு மூடிவிடுங்கள். மூடுவது முக்கியம், வாசனையெல்லாம் ஆவியோடு பறந்துபோகிற எண்ணெய்கள்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் வடிகட்டிவிடலாம்.

நம் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, டீ என்றால் தளதளவென்று கொதிக்கவிடுவது. இதில் அது கூடாது. கொதிக்கக் கொதிக்கப் பிசினும் துவர்ப்பும் இறங்கி, டீ போய் டர்பன்டைன் ஆகிவிடும். வைட்டமின் சி-யும் சூட்டில் குறைந்துகொண்டே போகும். பால் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். நான் ஊற்றிப் பார்த்தேன். நீங்கள் ஊற்ற வேண்டாம். தேன் பொருந்தும். இஞ்சி ஒரு துண்டு தட்டிப்போட்டால் இன்னும் பொருந்தும். எலுமிச்சை வேண்டியதில்லை, அந்த வாசனை ஏற்கெனவே இருக்கிறது. கருப்பட்டி போட்டதில் கருப்பட்டி மட்டும்தான் தெரிந்தது.

மீதி இலையைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். எப்போதாவது ஒரு டம்ளர் சரி, தினமும் ஒரு சொம்பு என்பது வேண்டாம். ஆஸ்துமாவோ பைன் அலர்ஜியோ இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம்...

'எலுமிச்சையைவிட ஐந்து மடங்கு வைட்டமின் சி' என்று ஒரு வரி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. மரம், பருவம், இலையின் வயது, போடும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு மாறும்போது, ஒரே எண்ணை எல்லா டம்ளருக்கும் ஒட்ட முடியாது. பனியில் ஐந்து மாதம் மாட்டிக்கொண்டவருக்கு அது உயிர். நமக்கு? 100 கிராம் கொய்யாப்பழத்திலேயே சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. தள்ளுவண்டியில் உப்பு மிளகாய்த்தூள் தூவி வேறு தருகிறார்கள்.

கொரோனா காலத்தில் இன்னொன்று கிளம்பியது. பைன் இலையில் 'சுராமின்' என்ற மருந்து இருக்கிறது, அது எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று. சுராமின் ஆய்வகத்தில் தயாரிக்கும் செயற்கை மருந்து. எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. ஷிகிமிக் அமிலம் பைன் இலையில் இருப்பது உண்மை. ஃப்ளூ மாத்திரை தயாரிக்க அது மூலப்பொருள் என்பதும் உண்மை. ஆனால் அதே அமிலம் நம் அன்னாசிப்பூவில் தாராளமாக இருக்கிறது, மாத்திரைக்கு அதிலிருந்துதான் எடுத்தார்கள். பிரியாணி சாப்பிட்டால் ஃப்ளூ போய்விடும் என்று நாம் சொல்வதில்லையே!

நம்ம ஊரில்?

இதைப் படித்துவிட்டு ஈ.சி.ஆர். பக்கம் போய்ச் சவுக்கு மரத்தில் கை வைத்துவிடாதீர்கள். சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. நாம் இலை என்று நினைக்கிற அந்த ஊசிகள், கணுக்கணுவாக இருக்கும் மெல்லிய குச்சிகள். வீட்டில் தொட்டியில் வைத்து டிசம்பரில் ஸ்டார் கட்டுகிறோமே, அந்த 'கிறிஸ்துமஸ் மரம்' பெரும்பாலும் நார்ஃபோக் தீவு பைன். பெயரில்தான் பைன், குடும்பம் வேறு. அதுவும் டீக்கு ஆகாது.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இருப்பது நிஜமான பைன்தான். ஆனால் இந்த மண்ணின் மரம் இல்லை, மெக்சிகோ போன்ற இடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டது. வனத்துறை நிலத்தில் இலை பறிக்கக் கூடாது. செல்ஃபி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஓர் ஆச்சரியம். நம் வீடுகளில் ஊசியிலை ஏற்கெனவே இருக்கிறது! சளிக்கும் இருமலுக்கும் தேனில் குழைத்துக் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தின் தாளிசபத்திரி என்ன தெரியுமா? இமயமலையில் வளரும் ஃபிர் மரத்தின் காய்ந்த இலை. நம் பாட்டிகள் ஊசியிலையைப் பார்க்காமலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். இதிலும் அதே சிக்கல் உண்டு. இமயமலை யூ மரத்தின் இலையும் தாளிசபத்திரி என்ற பெயரில் சந்தையில் புழங்கியிருக்கிறது. காய்ந்த பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்வது நமக்குச் சாத்தியமில்லை. அதனால் நாட்டு மருந்துக் கடையில் உதிரியாக வாங்கி நீங்களே கஷாயம் போடாதீர்கள். சித்த மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் நம்பகமான தயாரிப்பை, அவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பனியில் சித்தியின் கையைத் தட்டிவிட்ட பாட்டி, அதோடு விடவில்லை. கையைப் பிடித்துத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப்போனார். அங்கே ஓர் உயரமான வெள்ளை பைன். ஒரு கொத்தைக் கிள்ளி சித்தியின் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு இலையாகப் பிரித்து, கொரிய மொழியில் எண்ணினார். சித்தி தமிழில் எண்ணினார்.

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஆவி பறக்கும் டம்ளர், பக்கத்தில் ஒரு பச்சைக் கொத்து. கீழே சித்தியின் மெசேஜ்: 'அஞ்சு இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.'